ஜுரு வானத்தில் ஒரு மேகம்

ஜுரு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய் வருபவர்களைக் கேட்டால் டோல் சாவடி என்பார்கள். ருசி அறிந்தவர்களைக் கேட்டால் கோலா ஜுருவின் கெராங் என்பார்கள். பழைய ஆட்களைக் கேட்டால் தோட்டத்தைச் சொல்வார்கள். பால்மரத்தையும் லயத்து வீட்டையும் பெரட்டுக் களத்தையும் சொல்வார்கள். என்னை இனி யாராவது கேட்டால் நான் ஒரு மேகத்தைச் சொல்வேன். மழை பெய்யாத மேகம் அது. சூரியன்கள் பிறக்கும் மேகம்!

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குக் காவடி பார்க்கப் போயிருந்தேன். ரதம் திரும்பியதும் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு வாரம் ஜுருவில் என் அத்தை வீட்டில் தங்கினேன். காரணம் இருந்தது. தைப்பூசம் பௌர்ணமி நாள். நிலவு வெளிச்சத்தில் வானத்தின் மெல்லிய பொருள்கள் எல்லாம் மறைந்துவிடும். பௌர்ணமி கழிந்து ஏழாம் நாள் நிலவு நள்ளிரவுக்கு மேல்தான் எழும். அதுவரை வானம் நமக்கே சொந்தம். அதோடு தை, மாசி மாதங்களில் வடமாநிலங்களில் மழை குறைவு. வானம் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

அத்தை இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் 28 வருடம் மரம் வெட்டியவர். இப்போது மகனோடு தாமான் வீட்டில் இருக்கிறார். நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு வெளியே வந்தார்.

“என்னா தம்பி, மேலயே பாக்குற? மழ வருதா?”

“இல்ல அத்தை. நெபுலா தெரியுதான்னு பாக்குறேன்.”

“அது யாரு?”

உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். படிவம் ஒன்றில் படிக்கிற பையன். “மாமா, நெபுலாவெல்லாம் ராக்கெட்டுல போனாத்தான் தெரியும். ஜுருவுல எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். பதிலைத் தேடி நாங்கள் மூன்று பேரும் மூன்று இரவுகள் அலைந்தோம். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மூணு வெள்ளி

நெபுலா என்பது லத்தீன் சொல். மேகம், மூடுபனி என்று பொருள். தமிழில் விண்முகில் என்று சொல்லலாம். விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும்தான் அது. பெரும்பாலானவை தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. ஆனால் நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒன்று உண்டு. அது இருக்கும் இடத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வானத்தில் ஒரே வரிசையில் நெருக்கமாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன அல்லவா? அதைச் சுற்றியுள்ள கூட்டத்தை மேல்நாட்டார் ஓரியன் என்ற வேட்டைக்காரனாகக் கண்டார்கள். மூன்றும் அவன் இடுப்புக் கச்சை. மலாய்க்காரர்கள் அதைப் பெலாந்திக் என்கிறார்கள். விலங்குக்கு வைக்கும் பொறி என்று அர்த்தம். நமக்கோ அந்தக் கூட்டத்தில் இரண்டு நட்சத்திரங்கள் சொந்தம். அவன் தலையில் இருப்பது மிருகசீரிடம். தோளில் செக்கச் சிவந்து நிற்பது திருவாதிரை. மார்கழியில் நடராசருக்கு விழா எடுக்கிறோமே, அந்தத் திருவாதிரைதான்.

நான் இதைச் சொல்லி முடிக்குமுன் அத்தை குறுக்கிட்டார்.

“மூணு வெள்ளியச் சொல்றியா? அதுதான் எங்களுக்குக் கடியாரம்! தீவாளிக்கு முன்ன பின்ன, மழ இல்லாத நாள்ல, லயத்து வாசல்ல வந்து நிப்பேன். மூணு வெள்ளி உச்சிக்கு வந்துருச்சுன்னா அஞ்சு மணி ஆகப் போவுதுன்னு அர்த்தம். அடுப்புல தண்ணிய வச்சிட்டு உங்க மாமாவ எழுப்புவேன்.”

“மூணு வெள்ளிக்கு என்ன பாட்டி வாங்கலாம்?” என்று பேரன் கேலி செய்தான். இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு வெள்ளி என்றால் காசுதானே!

அத்தை சொன்னது முற்றிலும் சரி. ஒவ்வொரு நட்சத்திரமும் நாளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது. ஐப்பசியில் விடியற்காலையில் உச்சிக்கு வரும் கூட்டம், மார்கழியில் நள்ளிரவையொட்டி உச்சிக்கு வரும். தைப்பூசம் கழிந்தால் இரவு ஒன்பதரை மணி வாக்கிலேயே தலைக்கு மேல் நிற்கும். பஞ்சாங்கம் படிக்காத ஒரு தொழிலாளிப் பெண் அதை வாசற்படியில் நின்று கற்றிருக்கிறார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“அதுக்குக் கீழ சின்னதா மூணு தொங்கும். அதுல நடுவுல உள்ளது மட்டும் பளிச்சின்னு இருக்காது. பனி மூடுன மாதிரி இருக்கும். என் கண்ணுதான் கோளாறுன்னு நெனச்சிக்கிட்டேன்.”

கண் கோளாறே இல்லை. வேட்டைக்காரனின் கச்சையிலிருந்து தொங்கும் உடைவாள் அது. நடுவில் பனி மூடியது போல் இருப்பதுதான் ஓரியன் விண்முகில். பெயர் தெரியாமலே அத்தை அதைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறார்!

“இப்ப தெரியுமா தம்பி? கண்ணுல பொர எடுத்து மூணு வருசமாச்சு. அண்ணாந்து பாத்தே எத்தனையோ காலமாச்சு” என்றார். பார்த்தே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு இரவுகள், இரண்டு தோல்விகள்

முதல் இரவு வீட்டு வாசலிலேயே முயன்றோம். தெருவிளக்கு எங்கள் தலைக்கு நேரே எரிந்தது. மூன்று வெள்ளி தெரிந்தது. திருவாதிரை தெரிந்தது. கீழே தொங்கும் வாளைக் காணோம். வெளிச்சம் வானத்தில் பரவி, சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் தாமானுக்குப் பின்னால் உள்ள திடலுக்குப் போனோம். அங்கே பையன்கள் பெரிய விளக்குகளைப் போட்டுப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பாருங்கள்: வடக்கே பிறைத் தொழிற்பேட்டையும் பட்டர்வொர்த்தும், கிழக்கே புக்கிட் மெர்தாஜம், தெற்கே பத்து கவான், மேற்கே கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவு. நடுவில் நெடுஞ்சாலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒளி. பிறை என்று ஊருக்குப் பெயர். அங்கே வானத்துப் பிறையே வெளிறிப் போய்விடும் போலிருக்கிறது!

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும், “தோட்டத்துல லைட்டு இல்லேன்னு அழுதோம். வெளிச்சம் வந்தப்ப சந்தோசப்பட்டோம். தப்பா தம்பி?” என்று கேட்டார்.

தப்பே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளின் அருமை எனக்கும் தெரியும். வெளிச்சம் வேண்டும். ஆனால் அது நடக்கிற பாதையில் விழ வேண்டும். வானத்தில் போய் விழுந்து யாருக்கு என்ன பயன்?

கோலா ஜுருவில்

மூன்றாம் இரவு மச்சானின் காரில் கோலா ஜுருவுக்குப் போனோம். ஜுரு ஆறு கடலில் கலக்கும் இடம். சேற்று மணம், கண்டல் மரங்கள், கட்டிப் போட்ட மீன் படகுகள். 1970களில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது கழிவுகள் ஆற்றில் கலந்து இந்தக் கம்பத்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தன. அவர்கள் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். இன்றும் இங்கே படகுகள் நிற்கின்றன.

வடமேற்கே 1985-இல் திறந்த பினாங்குப் பாலம் விளக்கு மாலையாய்த் தெரிந்தது. எதிரே ஜெரெஜாக் தீவு கரும் திட்டாகக் கிடந்தது. படகுத்துறையின் விளக்கைத் தாண்டி, ஒரு கொட்டகையின் நிழலில் பாய் விரித்தோம். ஆம், பாய்தான்! லண்டன்காரன் இந்த விண்முகிலைப் பார்க்கத் தெற்கே திரும்பி நிற்க வேண்டும். அங்கே அது அடிவானத்திலிருந்து 33 பாகைக்கு மேல் ஏறாது. நமக்கோ 79 பாகை வரை, ஏறக்குறைய நேர் உச்சிக்கே வந்துவிடும். மல்லாந்து படுத்தால் போதும்.

பையனின் கைத்தொலைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டேன். முனகினான். ஆனால் கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தாலும் பழகியது வீணாகிவிடும். காத்திருந்தோம். கொசு கடித்தது. அத்தை தோட்டத்துக் கதைகளைச் சொன்னார்.

ஒன்பதரை மணிக்குப் பார்த்தோம். கச்சைக்குக் கீழே, தெற்குப் பக்கமாக, மங்கலாக ஒரு சிறு வரிசை இருப்பது தெரிந்தது. நடுவில் உள்ளது பனியா, புள்ளியா? வெறுங்கண்ணால் சொல்ல முடியவில்லை. பழைய பைனாகுலர் ஒன்று கொண்டுவந்திருந்தேன். ‘7×50’ என்று எழுதியிருக்கும் சாதாரண வகை. முழங்கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன்.

இருந்தது! இரண்டு மூன்று ஒளிப்புள்ளிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய புகை. மூச்சு விட்டால் கலைந்துவிடும் போன்ற புகை.

பையன் வாங்கிப் பார்த்தான். “ஒண்ணும் இல்ல மாமா” என்றான். நேராக முறைத்துப் பார்க்காதே, சற்றுப் பக்கத்தில் பார் என்றேன். நம் கண்ணின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றது. மங்கலான ஒளியை உணரும் செல்கள் நடுவைச் சுற்றியே அதிகம். அதனால் ஓரக்கண்ணால் பார்ப்பவருக்கே விண்முகில் புலப்படும். ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, “மாமா… மாமா… பறவ ரெக்கய விரிச்ச மாதிரி இருக்கு!” என்றான்.

கடைசியில் அத்தை. பைனாகுலரைப் பிடிக்க அவர் கை நடுங்கியது. பேரன் அடியில் கை கொடுத்துத் தாங்கினான். வெகுநேரம் பார்த்தார்.

“அதேதான். பனி மூடுன வெள்ளி. அப்ப இதுக்குக் கண்ணாடி தேவப்படல.”

இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் ஜுருவிலிருந்து கொண்டுவந்தேன். பெரட்டுக்குப் போகிற வழியில் ஒரு தொழிலாளி வெறுங்கண்ணால் கண்டதை, இன்று அதே ஊரில் கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. மேகம் எங்கும் போகவில்லை. இருட்டுதான் போய்விட்டது.

அந்தப் புகைக்குள் என்ன இருக்கிறது?

1610-இல் பிரான்சைச் சேர்ந்த பெய்ரெஸ்க் என்பவர் தொலைநோக்கியில் இதைக் கண்டு குறித்தார். வால்நட்சத்திரம் தேடுவதே வேலையாக இருந்த மெஸ்ஸியே, வால்நட்சத்திரம் போல் ஏமாற்றும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் 1769-இல் இதற்குக் கிடைத்த எண் 42. இன்றும் வானியலார் இதை எம் 42 என்றே அழைக்கிறார்கள். 1880-இல் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்கர் இதைப் படம் பிடித்தார். விண்முகில் ஒன்று புகைப்படத்தில் விழுந்தது அதுவே முதல் முறை.

படங்களில் இது சிவப்பும் ஊதாவுமாக ஜொலிக்கும். நம் கண்ணுக்கு ஏன் சாம்பலாகத் தெரிகிறது? மங்கலான ஒளியில் நம் கண் நிறத்தை அறியாது. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். கண்ணால் அது முடியாது. ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு வானத்தில் அதையே எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

புகையின் நடுவே சிறு தொலைநோக்கியில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரியும். அவற்றில் மிகப் பெரியதன் உக்கிரமான புற ஊதாக் கதிர்கள்தான் சுற்றியுள்ள வாயுவை ஒளிரச் செய்கின்றன. அங்கே வாயுவும் தூசியும் ஈர்ப்பால் திரண்டு புது நட்சத்திரங்கள் உருவாகின்றன. 2006-இல் வெளியான ஹப்பிள் தொலைநோக்கியின் படத்தில் அங்கே 3,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் தெரிந்தன. சிலவற்றைச் சுற்றித் தூசித் தட்டுகளும் இருக்கின்றன. நம் பூமியும் இப்படிப்பட்ட ஒரு தட்டிலிருந்து பிறந்ததுதான்.

எவ்வளவு தூரம் என்கிறீர்களா? ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். வேறு விதமாகச் சொல்கிறேன். அன்றிரவு அத்தையின் கண்ணில் பட்ட ஒளி, காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், கி.பி. 671-672 வாக்கில், இத்சிங் என்ற சீனத் துறவி நாகப்பட்டினத்துக்கோ வங்கத்துக்கோ போகும் கப்பல்கள் தங்கும் கடாரத்துக்கு வந்து சேர்ந்தார். கடாரம் எங்கே இருக்கிறது? ஜுருவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், கெடாவில்தான்! அவர் இங்கே காற்றுக்குக் காத்திருந்தபோது கிளம்பிய ஒளி, இப்போது கோலா ஜுரு படகுத்துறைக்கு வந்து இறங்குகிறது.

பூசத்தின் புதிர்

எழுந்திருக்குமுன் பையனுக்கு இன்னொன்றும் காட்டினேன். கிழக்குப் பக்கம் பாதி உயரத்தில் பூசம். தைப்பூசத்தன்று முழுநிலவு அருகில் வந்து நிற்குமே, அந்த நட்சத்திரம். அதன் பக்கத்திலும் நல்ல இருட்டில் ஒரு பனித்திட்டு தெரியும். பைனாகுலரில் பார்த்த பையன், “மாமா, இது பொடிப்பொடியா ஒடஞ்சிருச்சு! எல்லாம் நட்சத்திரம்!” என்று கத்தினான்.

அதுதான் புதிர். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. பூசத்துத் திட்டை 1609-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து, அதில் 40 நட்சத்திரம் வரை எண்ணினார். ஆகவே பெரிய கருவி வந்தால் எல்லாப் பனித்திட்டுகளும் நட்சத்திரங்களாகவே உடையும் என்று பலர் நம்பினார்கள். 1864-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு விண்முகிலின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திர ஒளி போல் அது தொடர்ந்த வண்ணப் பட்டையாக இல்லை. சில தனிக் கோடுகள்தான் தெரிந்தன. ஒளிரும் வாயுவின் அடையாளம் அது. அடுத்து ஓரியனிலும் அதையே கண்டார். சில மேகங்கள் மெய்யாகவே மேகங்கள்தான்!

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

உலகில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மக்கள் விளக்கொளியால் கெட்ட வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூன்றில் ஒருவருக்கு மேல் தம் வீட்டிலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் இருட்டைத் தேடி விஞ்ஞானிகள் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் காவலூர் வரை போய்த் தொலைநோக்கி வைத்தார்கள். பினாங்கிலும் வானியல் மையம் பட்டணத்தில் இல்லை. தீவின் மறுகோடியில், பந்தாய் ஆச்சேயில் இருக்கிறது.

இன்னும் செம்பனைத் தோட்டங்களில், நெல்வயல் ஓரங்களில் குடியிருக்கும் அன்பர்களே! விஞ்ஞானிகள் தேடிப் போகும் அந்த இருட்டு உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பட்டணத்தில் இருப்பது எல்லாம் நமக்கு இல்லையே என்று ஏங்குகிறோம். பட்டணத்தானிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பாயை விரியுங்கள். தொலைபேசியை உள்ளே வையுங்கள். பாம்பு, பூச்சிக்குப் பயமாக இருந்தால் கைவிளக்கின் மேல் சிவப்புத் தாள் சுற்றிக் கொள்ளுங்கள்; சிவப்பொளி கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. வீட்டில் பாட்டி இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். அவருக்கு வழி தெரிந்திருக்கும்.

தாமான்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டுப்போன ஆற்றைத் திருத்த எத்தனையோ வருடம் ஆகும். கெட்டுப்போன வானத்தைத் திருத்த விளக்கை அணைத்தால் போதும். அணைக்க முடியாத விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும்.

அன்றிரவு வீடு திரும்பும்போது பதினொரு மணி இருக்கும். யாரும் இல்லாத வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் அதை அணைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“தெருலைட்ட என்னா செய்யிறது தம்பி?” என்றார்.

“மாநகர் கழகத்துக்கு நான் எழுதுறேன் பாட்டி” என்றான் பேரன்.